மூணு ரூபாய்ச் சந்தாவில் தொடங்கிய தோட்டம்

ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி வீட்டுல ரெண்டு வருசமா நச்சரிப்பு. நமக்கு எங்கே ஒழியுது? ஆவணியில் அறுப்பு முடிஞ்சு, தடப்பள்ளி வாய்க்காலிலும் தண்ணி நின்ன பிறகு, பால் கறக்கப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் கிளம்பினோம். அம்மா, வீட்டுக்காரி, எட்டாவது படிக்கிற மகள், நான். கோபியில் இருந்து சத்தி, புளியம்பட்டி வழியா மேட்டுப்பாளையம். இப்போது மலையேற இ-பாஸ் வேணும், பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கூடாது. அம்மா பித்தளைச் செம்பில் தண்ணி கொண்டுவந்திருந்ததால் எங்களுக்குச் சிக்கல் இல்லை.

தாவரவியல் பூங்கா சுமார் 55 ஏக்கர். மேடும் சரிவுமா தொட்டபெட்டா மலையின் அடிவாரத்தில் படிப்படியா ஏறுது. உள்ளே நுழைஞ்சதும் பெரிய புல்தரை. அம்மா கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுக் கேட்டாங்க: “ஏங்கண்ணு, இத்தனை புல்லு வளத்தி எந்த மாட்டுக்குப் போடறாங்க?” மகள் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. அது சரியான கேள்விதான். அதுக்குப் பதில் மேலே போன பிறகு கிடைச்சது.

நம்மில் பலருக்கு இது பூக்கண்காட்சி நடக்கிற இடம், அவ்வளவுதான். கண்காட்சி 1896-இல் தொடங்கியது, இப்பவும் மே மாதத்தில் நடக்குது. ஆனால் இந்தத் தோட்டம் தொடங்கினது பூவுக்காக இல்லை, காய்கறிக்காக. நீலகிரி அப்போ கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1868-இல்தான் தனி மாவட்டம் ஆச்சு. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, பிறகு ஊட்டியில் கல் பங்களாவும் கட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் போட்டுப் பார்த்தவர். அவருக்குப் பின்னால் 1840-களில், அங்கே குடியேறின வெள்ளைக்காரர்கள் காய்கறி விலை கட்டுபடியாகலைன்னு ஒண்ணுசேர்ந்து, ஆளுக்கு மாசம் மூணு ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் வச்சாங்க. சந்தா கட்டினவங்களுக்குக் காய்கறி தனியா காசில்லாமக் கிடைக்கும்.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம கூட்டம்தான் ஞாபகம் வந்தது. மாசச் சந்தா வாங்கிக்கிட்டு நகரத்து வீடுகளுக்கு நஞ்சில்லாக் காய்கறி அனுப்பறதை நாம புதுசா கண்டுபிடிச்ச மாதிரிப் பேசிக்கிட்டிருக்கோம்! ஆனா அந்தத் தோட்டமும் நிலைக்கலீங்க. கடைசியில் அரசாங்கம் உள்ளே வந்தது. அப்போதைய மதராஸ் கவர்னர் ட்வீடேல் பிரபு முயற்சியில், லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-இல் வந்து சேர்ந்தார்.

அவர் வந்தப்போ மேல்பக்கம் அடர்ந்த காடு, கீழ்ப்பக்கம் சேறு நிறைஞ்ச சதுப்பு. அதை வடிச்சு, சரிவை வெட்டிப் படியாக்கி, இன்றைக்கு நாம பார்க்கிற வடிவம் வர ஏறக்குறைய பத்து வருசம் ஆச்சு. சதுப்பை வடிச்சது சரியா என்பது வேற விசயம். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற இடத்தைக் காய வச்சுட்டுப் பிறகு தண்ணியைத் தேடுறது மனுசனுக்குப் பழைய பழக்கம்.

மெக்ஐவர் செஞ்சதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு உண்டு. மலேரியாவுக்கு மருந்தாகிற குயினைன், சிங்கோனா மரப்பட்டையில் இருந்து கிடைக்கிறது. 1860-61 வாக்கில் தென் அமெரிக்காவில் இருந்து விதையும் நாற்றும் இங்கே வந்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் போட்டார்கள். பட்டை வேணும்னா மரத்தை வெட்டணும் என்பதுதான் அதுவரை வழக்கம். இவர் மரத்தை வெட்டாமல், பட்டையை நீள நீளமா ஒண்ணு விட்டு ஒண்ணு உரிச்சு, உரிச்ச இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். உள்ளே ஈரம் காயலை, புதுப்பட்டை வளர்ந்தது. அந்தப் புதுப்பட்டையில் மருந்துச் சத்து கூடுதலாகவும் இருந்ததாம். மூடாக்கு நிலத்துக்கு மட்டும்னு நினைச்சிட்டிருந்தேன், அவர் மரத்துக்கே மூடாக்குப் போட்டிருக்கார்.

கல்லாப்போன மரம் ஒண்ணு வச்சிருக்காங்க, 2 கோடி வருசப் பழசாம். மகள் அதைத் தொட்டுப் பார்க்கிறதுக்குள்ளே மணி பன்னெண்டு.

மேல்பக்கத்தில் தோடர் மந்து இருக்கு. அங்கே நின்னு பார்த்தப்போதான் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிஞ்சது. இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் புல்வெளிதான், பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. அந்தப் புல் தோடர்களோட எருமைக்கு. வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது வெறும் தரிசு. சோலையை விறகுக்கு வெட்டி அழிச்சுட்டு, விறகு பத்தலைன்னு ஆஸ்திரேலியாவில் இருந்து தைல மரமும் சீகை மரமும் கொண்டுவந்தான். தைல மரம் 1843-இல் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம்ம ஆளுங்க புல்வெளியில் அதையே நட்டாங்க. இந்தியாவுக்குள்ளே அழகுச் செடியா வந்த உண்ணிச்செடியின் கதையும் இதேதான். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு 1800-களின் தொடக்கத்தில் வந்தது. இன்னைக்குச் சத்தியமங்கலம் காட்டில் யானைக்குப் புல் முளைக்க விடாமப் பரந்து கிடக்குது. அயல்தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட வேண்டிவந்தது.

தோட்டம் வச்சவங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. நானும் நட்டவன். பதினாலு வருசத்துக்கு முன்னாடி எங்க மேட்டாங்காட்டில் ரெண்டு ஏக்கர் தைல மரம். ‘தண்ணி வேண்டாம், ஆள் வேண்டாம், வெட்டினாப் பணம்’னு ஒரு ஏஜெண்ட் சொன்னான், நம்பினேன். அஞ்சாம் வருசம் அந்தப் பக்கத்துக் கிணறு வத்துச்சு. மரம் மட்டும்தான் காரணம்னு சொன்னா அது பொய். அந்த வருசங்களில் மழையும் சரியில்லை. ஆனா வெட்டின பிறகும் கட்டை துளிர்க்கிறதை நிறுத்தலை. வேரோட தோண்டி எடுக்க, மரம் வித்த காசில் பாதி போச்சு.

நீலகிரியில் விழுற மழைதான் பவானியாகவும் மாயாறாகவும் இறங்கிப் பவானிசாகரில் சேருது. அங்கிருந்து கொடிவேரி, தடப்பள்ளி, அப்புறம் எங்க வயல். மழையை உறிஞ்சி வச்சுக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமா விடறது அந்தப் புல்லும் சோலையும்தான். மந்துக்குப் பக்கத்தில் நின்னு இதை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப இது நம்ம வாய்க்காலோட தலமாடுன்னு சொல்லு” என்றாங்க.

வெளியே வரும்போது மகளுக்கு ஒரு பூச்செடி வாங்க ஆசை. ‘கீழே வெயில் தாங்காதுடா கண்ணு’ன்னு அவளுக்குச் சொல்லிச் சமாளிச்சு, ரெண்டு கிலோ கேரட் வாங்கிட்டு இறங்கினோம். அதை மருந்தடிக்காம வளர்த்தாங்களான்னு கடைக்காரரைக் கேட்டேன். “நம்ம ஊர் கேரட்டுங்க” என்று மட்டும் சொன்னார்.

தைல மரம் இருந்த இடத்தில் இப்போ கொழுக்கட்டைப் புல் விட்டிருக்கேன், நாலு மாடு மேயுது. வரப்போரம் வேம்பும் வெள்வேலும். போன வாரம் அந்தக் கிணத்தில் கயிறு விட்டுப் பார்த்தோம். அறுபத்திரண்டு அடிக்குக் கீழே அஞ்சடி தண்ணி நிக்குது.