துளைக்கருவி ஆடுவது ஏன்?

மாணவர்களே, திருகோணமலை கொட்பேயில் பைபர் படகு திருத்துவோர் கையில் மின் துளைக்கருவியைக் கண்டிருப்பீர்கள். அலகு ஆடினால் துளை பெரிதாகும், போல்ட் இறுகாது, நீர் கசியும்.

முதலில் செருகியைக் கழற்றுக. விடையிலும் இதையே முதலில் எழுதுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அலகைக் கண்ணாடித் தட்டில் உருட்டுக. எழுந்து தாழ்ந்தால் அலகு வளைந்துள்ளது, நிமிர்த்தாமல் மாற்றுக. நேராக உருண்டால் சக்கைப் பாருங்கள். மெல்லிய அலகு மூன்று தாடைகளுக்கும் நடுவில் நில்லாமல் இரண்டிற்கிடையே சிக்கியிருக்கும். தூசு துடைத்து நடுவில் வைத்து, மூன்று துவாரங்களிலும் சாவியிட்டு இறுக்குக.

இன்னும் ஆடுகிறதா? சக்கைக் கையால் அசையுங்கள். சக் மட்டும் அசைந்தால் அது தண்டில் தளர்ந்துள்ளது. இருபுறமும் சுழலும் கருவியாயின் தாடைகளை விரித்தால் உள்ளே ஒரு திருகாணி தெரியும். அதன் புரி பெரும்பாலும் இடப்புரி, எனவே இடஞ்சுழியாகத் திருப்பினாலே இறுகும். தண்டும் சேர்ந்து அசைந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. புதியது பொருத்த வேண்டும்.