உறங்கி விழிக்கும் கருவிகள்

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார், சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தாருடன் கூடி, 2006ஆம் ஆண்டு வாக்கில் துமகூர் ஜில்லா பாவகடா தாலுகாவிலுள்ள சென்னகேசவபுர வயல்களில் சிறு மின்னணுக் கருவிகளை நிறுவினர். மழையையே நம்பி நிலக்கடலை பயிரிடப்படும் வறண்ட பிரதேசம் அது. மண்ணின் ஈரத்தை அளந்து, கம்பியின்றி வானொலி அலைகள் மூலம் செய்தியைக் கடத்துவதே இக்கருவிகளின் வேலை.

வயல் நடுவே மின்சாரம் ஏது? இரு சிறு பாட்டரிகளே இத்தகைய கருவிக்கு ஆதாரம். அவற்றின் கொள்ளளவு 2,000 மில்லியாம்பியர்-மணி எனக் கொள்வோம். விழித்திருக்கும் கருவி 20 மில்லியாம்பியர் இழுக்குமாயின், 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாட்களில், அது அடங்கிவிடும். செய்தி அனுப்புகையில்தான் செலவு என்று எண்ணுதல் தவறு. செய்தி வருமா என்று காது கொடுத்துக் காத்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு மின்சாரத்தை விழுங்கும். ஆகவே நூறு விநாடிக்கு ஒரு விநாடி மட்டும் விழிக்குமாறு கருவியை அமைக்கலாம். உறக்கத்தில் 0.02 மில்லியாம்பியர் செலவானால், சராசரி 0.22 ஆகும்; அதே பாட்டரி ஓராண்டு வரை தாங்கும். அண்டைக் கருவிகளும் அதே விநாடியில் விழிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம்.

சூரிய ஒளியும் கைகொடுக்கும். உச்சி வெயிலில் 10 சதுர சென்டிமீட்டர் தகடு, 15 சதவீதத் திறனுடன், சுமார் 150 மில்லிவாட் தரும். விழித்த கருவிக்கு 60 போதும். ஆயினும் இரவுக்கும் மேகம் மூடிய நாட்களுக்கும் சேமிப்பு வேண்டியிருப்பதால் பாட்டரிக்கு முற்றிலும் விடை கொடுக்க இயலாது. தகட்டின்மேல் படியும் புழுதியையும் அவ்வப்போது துடைத்தாக வேண்டும்.