உங்களுக்குத் தெரியுமா? உப்பை உள்ளே அழைக்கும் சர்க்கரை

பேதியால் வாடும் சிசுவின் பிராணனுக்கு அபாயம் விளைவிப்பது பெரும்பாலும் கிருமியன்று. மலத்தோடு சரீரத்தை விட்டு வெளியேறும் ஜலமும் உப்புக்களுமே. உச்சிக்குழி தாழ்ந்து, கண்கள் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது உடனே படியாமல் மடிப்பாகவே நிற்குமாயின், ஜலநஷ்டம் முற்றிவிட்டதென்று கொள்ளலாம். அதற்குமேல் ரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகங்கள் ஓய்ந்துபோக நெடுநேரம் ஆவதில்லை.

வெறும் ஜலம் போதாதோ எனில், போதாது; சோடியம் குறைந்து வலிப்புக் காணக்கூடும். உப்பு மிஞ்சினாலும் அதே வலிப்புத்தான். இங்கேதான் சர்க்கரை துணைக்கு வருகிறது: குடற்சுவர் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையைக் கிரகிக்கும்போது சோடியத்தையும் உடன் அழைத்துக்கொள்ள, அவற்றைத் தொடர்ந்து ஜலமும் உட்புகுகிறது. கடும் பேதியிலும் இவ்வியக்கம் கெடுவதில்லை என்பதே விசேஷம்.

1971-ல் கிழக்கு வங்க அகதிகள் நிரம்பிய மேற்கு வங்கத்துப் போங்கா ஊரில் காலரா பரவி, ரத்தநாளத்தில் செலுத்தும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா வீதம் கரைத்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். வைத்தியர் பலர் அக்காலத்தில் ஒப்பாத காரியம்! ஆயினும், சுமார் 30 சதவீதமாயிருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று.

இப்படி வாய்வழியே புகட்டுவதற்கான இன்றைய ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலத்தில் சோடாவுக்குப் பதில் சிட்ரேட் உண்டு; பொட்டாசியமும் உண்டு, அது குறைந்தால் வயிறு உப்பும். பொட்டலம் முழுவதையும் அதில் குறித்த அளவு நீரில் கரைக்க வேண்டும். வாந்தியெடுத்த குழந்தைக்கும் பத்து நிமிஷம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டலாம், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்க இயலாவிடினோ, தாமதமின்றி ஆஸ்பத்திரிதான்.