அடுத்த வாரம் டெஸ்ட் எடுத்துக்கலாம்

டாக்டர் எழுதிக் கொடுத்த லேப் சீட்டு நம் வீடுகளில் எங்கே கிடக்கும்? நாள்காட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும். இல்லையென்றால் கைப்பையின் உள் ஜிப்பில் நாலாக மடித்து வைத்திருக்கும். 'சுகர் ஒரு தடவை பார்த்துடுங்க' என்று அவர் சொல்லி மாதங்கள் ஆகியிருக்கும். மறந்துபோனதாகச் சொல்ல முடியாது. தினமும் தாள் கிழிக்கும்போது சீட்டின் ஓரம் கண்ணில் படத்தான் செய்கிறது. பொங்கல் முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், இந்தக் கல்யாணம் தாண்டட்டும் என்று அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு தவணை கிடைத்துவிடுகிறது.

காலை நடை, உடல் எடை, புகையை விடுவது, பல் டாக்டரிடம் போவது என்று உடம்பு சம்பந்தமாக நாம் நமக்கே கொடுத்துக்கொண்ட வாக்குகள் பலவும் இப்படித்தான் நிற்கின்றன. சீட்டு வெறும் ஓர் உதாரணம். ஆனால் நன்றாகத் தெரிந்த உதாரணம் என்பதால் இங்கே அதையே பிடித்துக்கொள்கிறேன்.

சோம்பல் இல்லை, பயம்

தள்ளிப்போடுகிறவரை வீட்டில் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவார்கள். அதே மனிதர் விடியற்காலை எழுந்து வாசல் தெளித்து, சமைத்து, பஸ் பிடித்து வேலைக்குப் போய்வருகிறவராக இருப்பார். வள்ளுவரும் 'மடியின்மை' அதிகாரத்தில் காலம் கடத்துவதையும் சோம்பலையும் ஒன்றாகப் போடவில்லை. கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கு குணங்களில் இவற்றைத் தனித்தனியாகவே எண்ணுகிறார்.

ஃபூஷியா சிராய்ஸ், டிமோத்தி பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்தாலே வருகிற பயம், சலிப்பு, கூச்சம் ஆகியவற்றிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கத்தான் நாம் வேலையைத் தள்ளுகிறோம். தள்ளியதும் மனசு லேசாகிறது. அந்த நிம்மதி உடனே கிடைக்கிற பரிசு என்பதால் அடுத்த முறையும் தள்ளத் தோன்றுகிறது.

சுகர் டெஸ்ட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். ஊசிக்குப் பயந்து தள்ளுகிறவர்கள் குறைவு. லேப்பிலிருந்து வருகிற தாளில் என்ன எண் இருக்குமோ என்பதுதான் பயம். 'எங்கப்பாவுக்குக் கால் எடுத்தாங்க' என்ற நினைவு பலருக்கு இருக்கிறது. எண் தெரியாதவரை நோய் இல்லை என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. இப்படிப் பயப்படுகிறவரிடம் 'உனக்கு அக்கறையே இல்லை' என்று சொன்னால் பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். சீட்டு இன்னும் உள்ளே போய்விடும்.

வலிக்காத நோய்

பல்வலி என்றால் நாமே ஓடிவிடுவோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. அதனால்தான் அவற்றைத் தள்ளுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் சுமார் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

வாசலில் நிற்பது என்றால் என்ன? வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 100-லிருந்து 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை இருப்பது. 126, 6.5 என்ற எண்களைத் தொட்டால் அது நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு முறை பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

எண்ணைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாசல் திரும்பி வரக்கூடிய வாசல். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இப்படி வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இந்த லாபம் முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்குக் கிடைத்த லாபம். தெரியாமல் ஓடுகிற வருடங்களில் விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்புகள் எல்லாம் சத்தமில்லாமல் அடிபட்டுக்கொண்டிருக்கும்.

காலைக் காபி

பயத்துக்கு அடுத்தபடியாகச் சீட்டை முடக்கிப்போடுவது காபி. வெறும் வயிற்று டெஸ்ட்டுக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நம் வீடுகளில் காலை ஐந்தரை மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பால் பொங்குகிறது, டிகாக்‌ஷன் தயார், கை தானாக டம்ளரை எடுக்கிறது. பாதி குடித்தபிறகுதான் டெஸ்ட் ஞாபகம் வருகிறது. 'சரி, நாளைக்கு.' காபி தப்பினாலும் டிபன் பாக்ஸ் இருக்கிறது. பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மணி ஒன்பது. பசி காதை அடைக்கிறது. வீட்டுப் பெண்கள் டெஸ்ட்டைத் தள்ளுவதற்குப் பெரிய காரணம் இந்தக் காலை நேரம்தான் என்பேன். அவர்களுக்கு உபதேசம் வேண்டாம். ஒருநாள் காலை அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கும் வழியில்லாதவர்கள் டாக்டரிடம் ஹெச்பிஏ1சி பற்றிக் கேளுங்கள். அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சாயங்காலம் கடைக்குப் போகிற வழியில்கூட ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தவறாகக் காட்டக்கூடும் என்பதால் எது பொருத்தம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டெஸ்ட் அன்று அதை எப்போது எடுப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்தே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தன்னார்வலர் வருகிற நாளில் 'அப்புறம் பாத்துக்கலாம்மா' என்று அனுப்பிவிடாதீர்கள்.

நாள், நேரம், இடம்

'சீக்கிரம் பார்க்கணும்' என்பது ஆசைதான், திட்டமாகாது. 'செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேப்புக்கு' என்பது திட்டம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய முறையை வைத்து பிரிட்டனில் 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. அடுத்த ஒரு வாரத்தில் ஒருமுறையாவது இருபது நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். எதுவும் செய்யாமல் விடப்பட்ட குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சியால் இதயத்துக்கு வரும் நன்மைகளைப் படித்த குழுவில் 35 சதவீதம். அதே தகவலைப் படித்ததோடு எந்த நாள், எந்த நேரம், எங்கே என்று எழுதியும் கொடுத்த குழுவில் 91 சதவீதம்.

நடுவில் உள்ள அந்த 35-ஐ நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நன்மைகளை எடுத்துச் சொன்னது மட்டும் ஆட்களைக் கூட்டவே இல்லை. அறிவுரை சொல்கிற நம் எல்லாருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

எழுதும்போது தடங்கலையும் சேர்த்து எழுதுங்கள். 'மழை பெய்தால் மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்குவேன்.' 'காபி குடித்துவிட்டால் அன்றைக்கே சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து லேப்புக்குப் போய், எந்த டெஸ்ட் எடுக்கலாம் என்று கேட்பேன்.' டெஸ்ட்டுக்கு முந்தின இரவு சீட்டை எடுத்துக் காபி டபரா மேலேயே வைத்துவிடுங்கள். காலையில் அதை நகர்த்தாமல் காபி குடிக்க முடியாது. நடைக்கு, முதல் வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் முன்பு இருக்கிற வெறுப்பு, ஆரம்பித்தபிறகு பெரும்பாலும் இருப்பதில்லை.

நடுவில் விட்டுப்போனால்

நாலு நாள் நடந்துவிட்டு ஐந்தாம் நாள் விருந்தாளி வந்ததால் விட்டுப்போகும். 'போச்சு, இனி அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து' என்று பலர் மொத்தமாகவே கைவிடுவது அங்கேதான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் பழக்கம் உருவாவதைப் பின்தொடர்ந்து 2010-ல் எழுதினார்கள். ஒரு செயல் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை.

அதே ஆண்டு கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள் என்று தெரிந்தது. தன்னைத் திட்டிக்கொள்வது ஒழுக்கம் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அது உதவுவதில்லை.

எல்லாமே தள்ளிப்போகிறதா?

குளிப்பது, சாப்பிடுவது, பிடித்த வேலைகூடச் செய்ய முடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்துக் கிடந்தால் அது வெறும் தள்ளிப்போடல் இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு குறைவிலும் ரத்தசோகையிலும்கூட உடம்பு இப்படி ஓய்ந்துவிடும். சிறுவயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காதவர்களுக்குக் கவனக்குறைவுக் கோளாறு இருக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம்.

இதற்கெல்லாம் நாள் குறிக்காதீர்கள்

நெஞ்சை அழுத்துகிற வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தொய்வது, பேச்சு குழறுவது: இவற்றுக்கு 'விடியட்டும், பார்க்கலாம்' என்பதே கூடாது. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் நேரம் தேவை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.