காணாத நோய்க்குக் காவல்

இளம்பிள்ளை வாதம் என்ற பெயரைக் கேட்டாலே பெற்றோர் நடுங்கிய காலம் ஒன்று கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலையூர்களிலும் இருந்தது. இன்றைய இளந்தாய்மாருட் பலர் அந்நோயைக் கண்ணாற் கண்டவரல்லர். கம்பளையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் கிளினிக் நாளன்று குழந்தையின் நாவில் இரு துளி மருந்து விடப்படும்பொழுது, "இந்த நோய்தான் நாட்டில் இல்லையே, பிறகு எதற்கு இந்த மருந்து?" என்று மருத்துவ மாதிடம் வினவுவோரும் உளர். வினா நியாயமானதே. இலங்கையில் இயற்கைப் போலியோவினால் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டதாகக் கடைசியாகப் பதிவானது 1993 ஆம் ஆண்டில். அதன்பின் ஒரு தலைமுறையே வளர்ந்து பெற்றோராகிவிட்டது. நியாயமான வினாவுக்கு நியாயமான விடை சொல்ல வேண்டியது கடமை. அவ்விடையை அறிவதற்கு முதலில் இக்கிருமியின் இயல்பை அறிதல் வேண்டும்.

போலியோ வைரஸ் வாய்வழியே உட்புகுவது. குடலிற் பெருகி, மலத்தின் வழியே வெளியேறி, கழுவாத கையாலும் அசுத்தமான நீராலும் மற்றொரு குழந்தையின் வாயை அடைவது. குடலில் அது செய்யும் கேடு பெரும்பாலும் அற்பமே. சிறிது காய்ச்சல், சிறிது தொண்டை நோவு, அல்லது ஒன்றுமேயில்லை. கிருமி தொற்றிய ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே அது குடலைக் கடந்து முண்ணாணைச் சென்றடைகின்றது. அங்கே தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கின்றது. நேற்று மாலை ஓடி விளையாடிய குழந்தை இன்று காலை எழுந்து நிற்க இயலாது துவண்டு விழுகின்றது. உணர்ச்சி இருக்கும், அசைவு இராது. அழிந்த நரம்புக் கலம் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே கால் சூம்பி, வாழ்நாள் முழுவதும் அவ்வாறே நின்றுவிடும். சுவாசத் தசைகள் செயலிழந்தாலோ உயிருக்கே ஆபத்து. வந்தபின் இதனைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இவ்விருநூறில் ஒன்று என்னும் கணக்கே நோயின் சூழ்ச்சி முழுவதையும் விளக்குவது. பெரியம்மை வந்தவரை முகத்தைப் பார்த்தே அடையாளங் காணலாம். அதனாலேயே அந்நோயைத் துரத்திப் பிடித்து 1980 ஆம் ஆண்டில் உலகத்தினின்றும் ஒழித்தாயிற்று என அறிவிக்க முடிந்தது. போலியோவோ மறைந்து நடப்பது. ஓர் ஊரில் ஒரு குழந்தை கால் துவண்டு விழுகின்றதெனின், அவ்வூரில் நூற்றுக்கணக்கானோர் நோயின் குறியின்றியே கிருமியைச் சுமந்து திரிகின்றனர் என்பது பொருள்.

விசித்திரமான மற்றொன்றும் உண்டு. சுத்தம் பெருகினால் நோய் குறையும் என்பது பொதுவிதி. போலியோ தொடக்கத்தில் இவ்விதிக்கு மாறாகவே நடந்தது. அசுத்தம் மிகுந்த பழங்காலத்தில் குழந்தைகள் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி உடலிலிருக்கும் பருவத்திலேயே இக்கிருமியைச் சந்தித்து, பெரும்பாலும் தீங்கின்றி வென்றுவிட்டனர். குழாய் நீரும் மலசலகூட வசதியும் வந்த நாடுகளில் அச்சந்திப்புப் பிந்தியது. தாய் தந்த காப்பு நீங்கிய வயதில் கிருமி வந்து தாக்கியது. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைதோறும் பெருவாரியாய்ப் பரவியதற்கு அறிஞர் கூறும் காரணம் இதுவே.

இலங்கையில் இந்நோயின் மிகக் கொடிய ஆண்டு 1962. அவ்வாண்டில் 1,800 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டிலேயே என்பது தற்செயலான பொருத்தம். அன்று இரண்டு வயதுக் குழந்தையாய் நோயுற்றவர் இன்று அறுபதைக் கடந்தவர். ஒரு கால் மெலிந்து, கைத்தடி ஊன்றி நடக்கும் அத்தலைமுறையினர் சிலருக்கு முதுமையில் மற்றொரு துன்பமும் நேர்கின்றது. அழிந்த நரம்புகளின் வேலையையுஞ் சேர்த்துப் பல்லாண்டு சுமந்த எஞ்சிய நரம்புகள் களைத்துப்போக, உறுதியாயிருந்த தசைகளும் தளரத் தொடங்குகின்றன. போலியோவுக்குப் பிந்திய தளர்ச்சி என வைத்தியர் இதனை அழைப்பர். நாட்டில் நோய் இல்லை என்னும்போது இவர்களை மறந்துவிடுகின்றோம்.

அதே 1962 இலேதான் வாய்வழித் துளி மருந்து இலங்கைக்கு வந்தது. அதற்கு ஏழாண்டு முன்பு, 1955 ஏப்ரல் 12 அன்று, ஜோனஸ் சால்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஆக்கிய தடுப்பூசி பயன் தருவதென அறிவிக்கப்பெற்றது. பதினெட்டு இலட்சம் வரையான சிறுவர் பங்குகொண்ட பெரும் பரிசோதனைக்குப் பின்னர் வெளியான அறிவிப்பு அது. சால்க் எடுத்த வழி, கிருமியை ஃபோமலினாற் கொன்று, அதன் உடலை மட்டும் ஊசிமூலம் செலுத்துவது. அல்பேர்ட் சேபின் என்பார் மற்றொரு வழி கண்டார். கிருமியைக் கொல்லாது வலுவிழக்கச் செய்து வாய்வழியே கொடுப்பது அது. அமெரிக்கரான சேபினின் மருந்து மிகப் பெரிய அளவிற் பரிசோதிக்கப்பட்டது சோவியத் நாட்டிலே, மிகாயில் சுமக்கோவ் என்னும் அறிஞரின் மேற்பார்வையில், 1959 ஆம் ஆண்டில். இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிய காலம் அது. குழந்தைகளின் பொருட்டு விஞ்ஞானிகள் மட்டும் கைகோத்தனர்.

இவ்விரு மருந்துகளுக்கும் உள்ள வேற்றுமை கவனிக்கத்தக்கது. ஊசிமருந்து இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி, கிருமி நரம்பைச் சென்றடையாது தடுக்கும். ஆயின் குடலில் கிருமி குடியேறுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. துளி மருந்து குடலிலேயே காவல் வைக்கின்றது. விலையும் குறைவு. ஊசியேற்றப் பயிற்சி பெற்றவரும் வேண்டியதில்லை. தோட்டத்து லயத்திலும் கோயில் மண்டபத்திலும் நின்று கொடுக்கலாம். உலகம் துளியையே தேர்ந்தமைக்குக் காரணம் இதுவாகும்.

இலங்கையில் 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் மருந்து ஒழுங்காக ஊர்தோறும் சென்றது. 1988 இல் உலக சுகாதாரப் பேரவை, போலியோவை உலகத்தினின்றும் ஒழிப்பதெனத் தீர்மானித்தது. அப்பொழுது 125 நாடுகளில், ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் குழந்தைகள் இந்நோய்க்கு இரையாயினர். 1995 இல் இலங்கை தேசிய நோய்த்தடுப்பு நாட்களை நடத்தத் தலைப்பட்டது. ஒரே நாளில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும், முன்பு மருந்து பெற்றவர் பெறாதவர் என்ற பேதமின்றித் துளி கொடுப்பது அதன் முறை. வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த காலம் அது. யுனிசெப் நிறுவனமும் ரோட்டரிக் கழகத்தாரும் இருதரப்பாரோடும் பேசி, மருந்து கொடுக்கும் நாட்களில் துப்பாக்கிகளை மௌனமாக்கினர். அந்நாட்களுக்கு 'அமைதி நாட்கள்' என்று பெயர். வேறு எதன்பொருட்டும் அவ்வளவு எளிதில் நிற்காத போர் இரு துளி மருந்துக்காகச் சில நாள் நின்றது.

அண்டை நாடான இந்தியாவின் கதை இன்னும் வியப்புக்குரியது. 2009 இல் உலகில் பதிவான போலியோ நோயாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியக் குழந்தைகள். இரண்டே ஆண்டுகளில், 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌராவில் நோயுற்ற ஒரு சிறுமியோடு அங்கும் அது முடிவுற்றது. 2014 மார்ச் 27 அன்று இலங்கை, இந்தியா முதலிய பதினொரு நாடுகளடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதெனச் சான்றிதழ் பெற்றது.

இனி, இல்லை என்பதை எவ்வாறு அறிவது? கண்ணுக்குப் புலப்படாது திரியும் கிருமி நாட்டில் இல்லை என்று நிரூபிப்பது, இருக்கிறது என்று நிரூபிப்பதினும் கடினம். பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை, திடீரெனக் கைகால் தளர்ந்த நிலையிற் கொண்டுவரப்படுகிறதென்று கொள்வோம். அது பெரும்பாலும் வேறு நரம்பு நோயாகவே இருக்கும். எனினும் வைத்தியர் அதனை உடனே அறிவித்தல் வேண்டும். தளர்ச்சி தொடங்கிய பதினான்கு நாட்களுக்குள், ஒரு நாளேனும் இடைவெளி விட்டு, இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்படும். அவை பனிக்கட்டி வைத்த குளிர்ப்பெட்டியில், கடுகண்ணாவைக் கணவாய் இறங்கி, கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேரும். வழியில் குளிர் குறைந்தால் கிருமி அழிந்துவிடும். அழிந்த மாதிரியில் 'இல்லை' என்று வரும் விடைக்குப் பெறுமதியில்லை. அறுபது நாட்களின் பின் அப்பிள்ளையை மறுபடியும் பரிசோதித்து, தளர்ச்சி நீங்கியதா நிலைத்ததா என்றும் குறித்துக்கொள்வர்.

பதினைந்து வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டொன்றில் ஒருவரேனும் போலியோவல்லாத வேறு காரணத்தால் இவ்வாறு தளர்வுறுவர் என்பது உலக அனுபவம். ஆகையால் ஒரு மாவட்டத்திலிருந்து ஆண்டு முழுவதும் ஓர் அறிக்கையும் வராவிடின், சுகாதார அதிகாரிகள் மகிழ்வதில்லை. காவலாளி உறங்கிவிட்டானோ என்றே ஐயுறுவர்.

அயர்வுக்கு இடமில்லை என்பதைப் பிற நாடுகளின் செய்தி காட்டும். மூவகைப் போலியோக் கிருமிகளுள் இரண்டாம் வகை 2015 இலும் மூன்றாம் வகை 2019 இலும் ஒழிந்தனவென உறுதி செய்யப்பட்டன. எஞ்சிய முதலாம் வகை ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானிலும் விடாது நிலைத்துள்ளது. 2024 இல் பாகிஸ்தானில் மாத்திரம் எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றனர். அங்கிருந்து புறப்பட்ட கிருமி 2021 இல் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு குழந்தையை வீழ்த்தியது. விமானம் ஏறுபவரின் குடலை எவரும் சோதிப்பதில்லை. எசல பெரஹராவுக்கு எத்தனை தேசத்தார் கண்டியில் வந்து கூடுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

மறைக்காது சொல்ல வேண்டிய உண்மை ஒன்றும் இருக்கிறது. துளி மருந்திலுள்ளது உயிருள்ள கிருமி. மருந்துண்ட குழந்தையின் மலத்தில் அது சில வாரம் வெளியேறும். ஊரில் எல்லாரும் காப்புப் பெற்றவராயின் அது செல்ல இடமின்றி மடியும். காப்பற்ற பிள்ளைகள் பலர் உள்ள ஊரிலோ, ஒருவரிடமிருந்து ஒருவருக்காகப் பல மாதம் பரவி, இழந்த வலுவை மீண்டும் பெற்றுவிடக்கூடும். 2022 இல் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலும், அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலும், 2024 இல் காசாவிலும் நோயுற்றவர்களைத் தாக்கியது இவ்வாறு மாறிய இரண்டாம் வகைக் கிருமியே. காசாவில் அவ்வாண்டுச் செப்டெம்பரில் மருந்து கொடுப்பதற்காகச் சண்டை இடையிடையே நிறுத்தப்பட்டது. இதனைக் கேட்டுத் துளி மருந்தை அஞ்சுவது தவறாகும். கிருமியை மீண்டும் வலுவடையச் செய்வது மருந்து பெறாத பிள்ளைகளின் தொகையே.

இக்குறையைப் போக்கவே உலகெங்கும் 2016 ஏப்ரலில் துளி மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டது. அவ்வகைக்கெதிரான காப்பை ஊசிமருந்து தருகின்றது. இலங்கை 2015 இலேயே அதனைச் சேர்த்துக்கொண்டது. ஊசிமருந்துக்கு உலகில் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, முழு அளவில் ஐந்திலொரு பங்கைத் தோலுக்குள்ளேயே செலுத்தி, இருமுறை கொடுத்தாற் போதிய காப்புக் கிடைக்கும் என்னும் ஆய்வைப் பின்பற்றி, இந்தியாவும் இலங்கையும் முதன்முதலில் அம்முறையை மேற்கொண்டன. சிக்கனத்தில் நம்மவர் பிறருக்கு வழிகாட்டிய அரிய சந்தர்ப்பம் எனலாம். இருபுறமும் தாக்கக்கூடிய பகைக்கு இரட்டைக் காவல். தாய்மார் "துளியும் கொடுத்து ஊசியும் ஏன்?" என்று கேட்பதற்கு விடை இதுவே.

மருந்து நாட்டில் இருப்பது மட்டும் போதாது, பிள்ளை மருந்திடம் வர வேண்டும். இலங்கையில் பிள்ளைகளுக்கு மருந்தூட்டும் வீதம் உலகிற் பெருமைப்படத்தக்கது. ஆனால் முழு நாட்டுக்குரிய சராசரி, மடுல்கலையிலோ ரங்களையிலோ உள்ள ஒரு லயத்தின் நிலையைச் சொல்லாது. கிளினிக்குக்குச் செல்லும் நாளில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அரைப் பேர் போய்விடும். பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தைக்குத் தடிமன் என்று ஒரு மாதம் தள்ளினால், மறுமாதம் மழை, அதற்கடுத்த மாதம் திருவிழா. 2019 இல் சின்னமுத்து ஒழிந்ததெனச் சான்றிதழ் பெற்ற இந்நாட்டில், 2023 இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. காப்பில்லாத பிள்ளைகள் இருந்த இடங்களைக் கிருமி கணக்குப் பிசகாது கண்டுகொண்டது.

துளி மருந்து இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிலும், பதினெட்டாம் மாதத்திலும், ஐந்து வயதிலும் கொடுக்கப்படுகின்றது. சிறு ஊசி இரண்டாம், நான்காம் மாதங்களுக்குரியது. சாதாரண தடிமனும் இலேசான வயிற்றோட்டமும் மருந்தைத் தள்ளிப்போடக் காரணங்களாகா. ஒருமுறை தவறியவர்கள், "எல்லாம் கெட்டது, இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்றெண்ணிக் கிளினிக்குக்குச் செல்லவே நாணுகின்றனர். அவ்வாறு தொடங்க வேண்டியதில்லை. முன் பெற்ற காப்பு வீணாவதில்லை. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சென்றால், விடுபட்ட இடத்திலிருந்தே மருத்துவ மாது தொடர்ந்து கொடுப்பார். பதிவேடு தொலைந்துபோயிருப்பினும், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் விசாரித்து ஆவன செய்துகொள்ளலாம்.