வன்கலப்பு உலோகங்கள் வெப்பத்தில் நெகிழும் விதம்

திருவண்ணாமலையை அடுத்துள்ள கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் இரும்புக் கனியம் செறிந்தவை. இப்பக்கங்களில் இரும்புத் தொழில் பழமையானது. பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூரில் மூசையில் எஃகு சமைத்த இடத்தை ஆராய்ந்து, சாரதா சீனிவாசன் அம்மையார் 1994-இல் கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என வழங்கியது இவ்வகை எஃகையே.

இதில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரி உண்டு. அதிற் பெரும்பகுதி இரும்போடு கூடி, கடினமும் நொறுங்குந் தன்மையும் உடைய கார்பைடாக, மென்மையான இரும்பினிடையே விரவிக் கிடக்கும். ஆதலின் இதனை ஒரு பொருளென்னாது, வன்மையும் மென்மையும் கூடிய கலப்பென்றே கொள்ளல் வேண்டும். ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி இதனை வெண்ணிறமாகக் காய்ச்சி அடித்தபோது, சம்மட்டியின் கீழ் இது பொடிந்து போயிற்று. எஃகைப் பழித்தவரும் உளர், குற்றம் எஃகினதன்று. அத்துணை வெப்பத்தில் கரி மிகுந்த இடங்கள் உருகத் தொடங்கி, மணிகளுக்கிடையேயுள்ள பற்று விட்டுப்போகும். செந்நிறப் பதத்தில் மெல்லத் தட்டினாலோ இது வளைந்து கொடுக்கும்.

1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஷெர்பி, வாட்ஸ்வொர்த் என்னும் அறிஞர் இத்தகைய எஃகின் மணிகளை மிக நுண்ணியவாக்கிச் செவ்வெப்பத்தில் மெல்ல இழுக்க, அது அறாமல் பன்மடங்கு நீண்டது. கார்பைட் நீண்டதன்று, இரும்பு மணிகள் ஒன்றையொன்று வழுக்கிச் சென்றன. அவை பருத்துவிடாமல் தடுத்தலே கார்பைடின் வேலை.

இக்காலத்து வன்கலப்பிலும் இதுவே நிகழ்கின்றது. 1923-இல் ஜெர்மனியில் ஷ்ரோட்டர் என்பார் டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு அழுத்திச் சூடேற்றி இறுக்கினார். 'வைரம் போன்றது' என்னும் பொருள்பட 'விடியா' என அது விற்பனைக்கு வந்தது. சாதாரண வெப்பத்தில் பெரும்பாரம் ஏற்றினால், இது வளைவதற்குள் முறிந்துவிடும். ஆனால் எஃகைக் கடையும் உளியின் முனை 1000 டிகிரி சென்டிகிரேட் வரையும் காய்தல் கூடும். ஏறத்தாழ 800 டிகிரிக்கு மேல் கோபால்ட் இளகுகின்றது. பாரம் நீடிக்க நீடிக்க, அது கார்பைட் மணிகளின் இடுக்குகளிற் புகுகின்றது, மணிகள் வழுக்குகின்றன, சிறு குழிகள் தோன்றி வெடிப்பாக விரிகின்றன. முனை தேயாமலே மழுங்கிச் சரிவதன் காரணம் இதுவாம்.

எனவே கடைசல் உளிக்குக் கோபால்ட் குறைவாகவும், கருங்கல் துளைக்கும் முனைக்கு மிகுதியாகவும் சேர்க்கின்றனர். முன்னதற்கு வெப்பம் பகை. பின்னதற்கு அடி பகை. ஒன்றை மற்றொன்றின் வேலைக்கு இட்டால், கடைசற் பட்டடையில் முனை சரியும், கற்குவாரியில் முனை தெறிக்கும்.