ஒரு கோடா, இரண்டு கோடா?

ஐஸின் மேல் ஒற்றைக் காலில் வழுக்கிப் போய்விட்டுத் திரும்பிப் பாருங்கள். போன தடத்தில் ஒரே கோடு விழுந்திருந்தால் பிளேடின் விளிம்பில் போயிருக்கிறீர்கள். சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் ஒட்டி ஓடியிருந்தால் விளிம்பு பிடிபடவில்லை, பிளேடு தட்டையாக நின்றிருக்கிறது. ஸ்கேட்டிங் சொல்லித்தரும் காணொளிகள் இணையத்தில் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட உங்கள் காலைப் பார்ப்பதில்லை. கோடு பார்க்கிறது. காணொளியையும் கோட்டையும் சேர்த்துப் படிக்கப் பழகிவிட்டால், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலேயே இந்த வித்தையில் வெகுதூரம் போகலாம்.

நான் அப்படித்தான் போனேன். நாற்பது வயதுக்கு மேல், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், வேலை நேரத்துக்கு ஒத்துவரும் வகுப்பு கிடைக்காமல், கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இரண்டு குளிர்காலங்கள் ஆயின. முதலாவது ஏறக்குறைய வீண். அது எதனால் வீணானது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதைப் படிக்கும் ஒருவருக்காவது ஒரு குளிர்காலம் மிச்சமாகட்டும்.

முதலில் பிளேடைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பக்கம் கத்தியைப் போல ஒரே கூராக இருக்காது. நீளவாக்கில் நடுவே ஒரு குழிவு ஓடும். வாய்க்காலின் இருபுறமும் வரப்பு இருப்பதைப் போல, குழிவின் இருபுறமும் இரண்டு விளிம்புகள். பெருவிரல் பக்கம் இருப்பது உள்விளிம்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது வெளிவிளிம்பு. இரண்டு கால், முன்னோக்கிய போக்கு, பின்னோக்கிய போக்கு என்று கணக்கிட்டால் மொத்தம் 8 விளிம்புகள். நீளவாக்கிலும் பிளேடு நேர்கோடு அல்ல. 7 அல்லது 8 அடி ஆரமுள்ள பெரிய வட்டத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுபோல லேசாக வளைந்திருக்கும். அதனால்தான் உடம்பு சாய்ந்தவுடன் பிளேடு தானாக வளைந்து ஓடுகிறது. காலைத் திருப்ப வேண்டியதே இல்லை. நான் முதல் குளிர்காலம் முழுவதும் காலைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வீணானதற்கு இன்னொரு காரணம் வாடகை ஸ்கேட். பலர் போட்டு, ரப்பர் விரிப்பிலும் சிமெண்டிலும் நடந்து, கூர் மழுங்கிப்போன பிளேடு அது. விளிம்பே இல்லாத பிளேடில் விளிம்பைத் தேடினேன். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால் நகம் துளி சீவப்பட வேண்டும், வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. பிளேடைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு விளிம்புகளின் மேலும் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்தால் அது ஒரு பக்கம் சரியாமல் கிடைமட்டமாக உட்கார வேண்டும். சரிந்தால் ஒரு விளிம்பு மற்றதைவிட உயரம் என்று பொருள். அப்படிப்பட்ட பிளேடில் நீங்கள் எவ்வளவு பழகினாலும் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் வராது. சாணை பிடிப்பவரிடம் அரை அங்குல ஆரக் குழிவு கேளுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலான பெரியவர்களுக்கு அது ஒத்துவரும்.

இனி காணொளி. ஒரே ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து அவருடனேயே இருங்கள். நான் ஐந்து பேரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒருவர் கையைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் இடுப்பைப் பற்றிச் சொன்னார், ஐஸில் இறங்கியதும் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து எதுவும் உடம்பில் நிற்கவில்லை. ஆசிரியர் உங்களைப் பார்த்து நின்று காட்டும் காட்சியைவிட, முதுகைக் காட்டிக்கொண்டு போகும் காட்சி மேல். எதிரே நிற்பவரின் வலது கை உங்களுக்கு இடப்பக்கம் தெரியும். அவசரத்தில் உடம்பு கண்ணாடியில் பார்ப்பதைப்போல அதைத் தப்பாகவே பிடித்துக்கொள்ளும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதல் தடவை ஒலியோடு முழுவதும் பாருங்கள். அடுத்து ஒலியை நிறுத்திவிட்டுப் பாதி வேகத்தில் பாதத்தை மட்டும் பாருங்கள். மூன்றாவது தடவை முழங்காலையும் இடுப்பையும் மட்டும், நான்காவது தடவை தலையை மட்டும். கணினியில் யூடியூப் பார்ப்பவர்கள் காணொளியை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக முன்னும் பின்னும் நகரும். தள்ளும் கால் ஐஸை விட்டு எழும் கணத்தில் நிற்கும் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை இப்படித்தான் கண்டுகொண்டேன். ஓடும் காட்சியில் அந்த மடக்கு தெரியவே தெரியாது. ஆசிரியர் நிமிர்ந்து நிற்பதாகவே தோன்றும்.

ஐஸுக்குப் போகும் முன் வீட்டில் காலுறையோடு தரையில் நில்லுங்கள். ஒற்றைக் காலில், முழங்காலை மடக்கி, குனிந்து பார்த்தால் முழங்கால் பெருவிரலை மறைக்க வேண்டும். எடையை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் கொண்டுபோய் அங்கே பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பிறகு பெருவிரல் பக்கம். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு செய்தாலும் போதும். பல் தேய்க்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

ஐஸில் முதல் வேலை தட்டைப் பிளேடில் ஒற்றைக் காலில் நேராக மூன்று விநாடி போவது. இரண்டு கோடுகள் விழும். விழட்டும். நடுநிலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதிலிருந்து விலகுவது தெரியும். தள்ளும்போது பிளேடின் முன்நுனியில் உள்ள பற்களால் உந்தாதீர்கள். காலைப் பக்கவாட்டில் திருப்பி உள்விளிம்பால் தள்ளுங்கள். பல் பட்டால் ஐஸில் சிறு கீறல் விழுந்திருக்கும், திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு உள்விளிம்பு. இது பலருக்குச் சீக்கிரம் வந்ததுபோல இருக்கும். உண்மையில் கணுக்கால் மட்டும் உள்ளே மடங்கியிருக்கும், உடம்பு நேராகவே நிற்கும். சாய்வு கணுக்காலில் தொடங்கி அங்கேயே முடிவது அல்ல. பிளேடிலிருந்து தலைவரை ஒரே கோடாகச் சாய வேண்டும், சைக்கிளில் வளைவு எடுக்கும்போது வண்டியும் ஆளும் சேர்ந்து சாய்வதைப்போல.

எல்லோரும் தடுமாறுவது வெளிவிளிம்பில்தான். நானும் அங்கேதான் மாதக்கணக்கில் நின்றேன். உள்விளிம்பில் சாயும் பக்கம் இன்னொரு கால் இருக்கிறது. விழப்போனால் ஊன்றிக்கொள்ளலாம் என்று உடம்புக்குத் தெரியும். வெளிவிளிம்பில் சாயும் பக்கம் வெறும் வெளி. உடம்பு அதை ஒப்புக்கொள்ள மறுத்து, கடைசி நொடியில் இடுப்பை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கும், சாய்வு உடையும், பிளேடு தட்டையாகிவிடும். அந்த இடத்தில் ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிவதை ஐஸிலேயே பார்க்கலாம்.

பயத்தைக் குறைக்க எனக்கு உதவியது ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போனால் தேவைப்படும் சாய்வு சுமார் 8 டிகிரிதான். அதே வளைவில் விநாடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால் சுமார் 17 டிகிரி. வேகம் இருந்தால் சாய்வு தாங்கும், வேகமே இல்லாமல் சாய்ந்தால் விழத்தான் வேண்டும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து வெளிவிளிம்பை நகர்ந்து நகர்ந்து பழகியதுதான் என் தவறு. நாலைந்து முறை தள்ளி வேகம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு சாயுங்கள்.

ஹாக்கி விளையாடும் தளங்களில் ஐஸுக்கு அடியில் 15 அடி ஆரமுள்ள வட்டங்கள் வரைந்திருப்பார்கள். வெளிவிளிம்பு பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. இடது காலில் வெளிவிளிம்பு என்றால் வட்டத்தில் இடஞ்சுழியாகப் போங்கள், வலது காலில் என்றால் வலஞ்சுழியாக. நிற்கும் காலின் பக்கத்துக் கை முன்னே, மற்ற கை பின்னே. கண் காலடியைப் பார்க்காமல் வட்டத்தின் முன்பகுதியைப் பார்க்கட்டும். தலை குனிந்த நொடியில் சாய்வு போய்விடும். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பொது நேரத்தில் கூட்டம் பெரும்பாலும் இடஞ்சுழியாகவே சுற்றுகிறது. கூட்டத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தால் இடது வெளிவிளிம்பும் வலது உள்விளிம்பும் வளரும், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். நான் கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போய் எதிர்த்திசைக்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன்.

இந்த நிலையில் உங்களை நீங்களே படம் எடுக்க வேண்டும். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஐஸில் போவதைப் பல தளங்களில் அனுமதிப்பதில்லை, அது ஆபத்தும்கூட. தடுப்புக்கு வெளியே நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள். கணுக்கால் உயரத்தில், நீங்கள் போகும் திசைக்குப் பின்னாலிருந்து, மெதுவேகப் பதிவில் எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு எடுத்துக்கொடுத்தவள் அக்கா மகள். இரண்டாவது பதிவைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “சித்தி, கால் சாயுறதுக்கு முன்னாடி உங்க தோள் திரும்பிடுது.” ஐந்து ஆசிரியர்களின் காணொளியில் எனக்குக் கிடைக்காத ஒரு வரி அது. தோளை அடக்கிய அன்றே முதன்முதலாக இடது வெளிவிளிம்பில் அரை வட்டம் ஒற்றைக் கோடாக விழுந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன்.

கோட்டைப் பார்த்து ஆளை மதிப்பிடுவது என் கண்டுபிடிப்பு அல்ல. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். லண்டனில் ராபர்ட் ஜோன்ஸ் என்ற படை அதிகாரி 1772-இல் எழுதிய நூலிலேயே விளிம்புகளில் போவது விளக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் போட்டியாளர்கள் ஐஸில் 8 போன்ற உருவங்களை வரைந்து, அதே கோட்டின் மேல் மீண்டும் மீண்டும் போக வேண்டியிருந்தது. நடுவர்கள் தளத்தில் இறங்கிக் குனிந்து கோட்டைப் பரிசோதித்தார்கள். 1960-களின் பிற்பகுதி வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்கே. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷுபா தங்கம் வென்றது இந்த உருவங்களின் பலத்தால். தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு அது விளங்கவில்லை. 1990 உலகப் போட்டியோடு சர்வதேச அரங்கிலிருந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். நீக்கியது விளையாட்டுக்கு இழப்பு என்பதே என் எண்ணம். மணலில் விரலை வைத்து ஆனா எழுதி, அதே தடத்தில் திரும்பத் திரும்பப் போய்க் கை பழகியதைப்போல, கால் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை.

போட்டியில் அது போனாலும் விளிம்பு போகவில்லை. லட்ஸ் என்ற தாவல் பின்னோக்கிய வெளிவிளிம்பிலிருந்து எழ வேண்டும், ஃபிளிப் பின்னோக்கிய உள்விளிம்பிலிருந்து. மாறி எழுந்தால் இன்றும் மதிப்பெண் குறைகிறது. டொராண்டோவில் வளர்ந்து 2011, 2012, 2013 என மூன்று முறை உலகப் பட்டம் வென்ற பேட்ரிக் சானின் பழைய நிகழ்ச்சிகளைத் தேடி, தாவல்களை விட்டுவிட்டு இடைப்பட்ட ஓட்டத்தை மட்டும் பாருங்கள். ஒரு தள்ளலில் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழமான சாய்வு என்பதைப் பார்த்தால் எதை நோக்கிப் பழகுகிறோம் என்று தெரியும்.

நான்கு முன்விளிம்புகளும் வட்டத்தில் நின்ற பிறகு, தளத்தின் குறுக்கே ஓடும் நீலக் கோட்டை அச்சாக வைத்து அரை வட்டங்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு அரை வட்டமும் அச்சில் செங்குத்தாகத் தொடங்கி, அச்சிலேயே முடிய வேண்டும். முடிவில் வளைவு சுருங்கிக் கொக்கிபோல ஆனால் தோள் முந்திவிட்டது என்று அர்த்தம். பின்னோக்கிய விளிம்புகளுக்கு எடை பாதத்தின் முன்பகுதிக்கு நகர வேண்டும், மற்றபடி பாடம் அதேதான். அவையும் வந்தபின் ஒற்றைக் காலில் முன்னிருந்து பின்னாகத் திரும்பும் ‘த்ரீ டர்ன்’. ஐஸில் 3 போலவே தடம் விழும் அந்தத் திருப்பத்துக்கு அவசரப்படாதீர்கள். காணொளிப் பட்டியலில் அது அடுத்ததாக வரிசையில் நிற்கும், கை தானாக அழுத்திவிடும். வெளிவிளிம்பில் ஐந்து விநாடி ஒற்றைக் கோடு விழாதவரை அதைத் திறக்காதீர்கள்.

தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அணியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் ஓர் ஆசிரியரிடம் அரை மணி நேரம் காட்டுங்கள். கோடு எங்கே தவறு என்று சொல்லும், சில சமயம் ஏன் தவறு என்று சொல்லாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐஸைச் செப்பனிடும் ஸாம்போனி வண்டி சுற்றிவிட்டுப் போனதும் தளம் கண்ணாடிபோலக் கிடக்கும். அப்போதுதான் கோடு தெளிவாகத் தெரியும். கூட்டம் இறங்கிச் சுற்றத் தொடங்கிவிட்டால் உங்கள் தடம் எது, அடுத்தவர் தடம் எது என்று பிரிக்க முடியாது. வாயிலில் முதல் ஆளாக நில்லுங்கள், அந்த முதல் பத்து நிமிடத்தை வெளிவிளிம்புக்குக் கொடுங்கள்.